அரை மணி நேரத் தண்ணீர்

என் அக்காவுக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. "கரண்ட் எப்ப வரும்?" என்று வாரம் முழுக்க ஊரே போனில் அவளைப் பிய்த்து எடுக்கும். ஞாயிறானால் என்னை இழுத்துக்கொண்டு மலையேறுவாள்.

பாதி மலையில் ஓர் ஓடை. பாட்டிலில் நீர் மொண்டு, கிருமி கொல்லும் மாத்திரையைப் போட்டு மூடிவிட்டுப் பாறையில் மல்லாந்துவிடுவாள். குடிக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் சில்லென்றிருந்தால் ஒரு மணி நேரம் என்று மாத்திரை அட்டையிலேயே போட்டிருக்கும். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அவள் கண்ணில் மேகங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

பொறுக்கமாட்டாமல் போன வாரம் மூடியிலேயே வடிகட்டி பொருத்திய பாட்டில் ஒன்று வாங்கிப் போனேன். மொண்டவுடன் குடிக்கலாம். அக்காவும் குடித்தாள். பிறகு பழைய பாட்டிலை நிரப்பி மாத்திரையைப் போட்டாள்.

"தாகந்தான் தீந்துபோச்சேக்கா, இது எதுக்கு?"

"இந்த அரை மணி நேரத்துக்கு எவனும் என்னை அவசரப்படுத்த முடியாதுடா. பேசாம படு."

படுத்தேன். மேகம் ஒன்று மலையுச்சியைத் துடைத்துவிட்டுப் போனது. பிறகு இன்னொன்று. ஓடைச் சத்தம் காதுக்குள் எங்கோ தூரமாகப் போயிற்று.

"அரை மணி ஆச்சு, எழுந்திரு," என்றாள் அக்கா.

நான் கண்ணைத் திறக்காமலே பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன்.

"தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்குக்கா. ஒரு மணி நேரம் ஆகும்."