அம்மாவின் அட்டை, என் விரல்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். நான் கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில். அதைத் திருத்தியவர் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம் என்று ஓர் இரக்கம். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். கெட்ட பெயர் வாங்கியவன் நான். அதைச் சரியான விவரத்தோடு வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிறது. அங்கே ஒரு நாள் சுகவாழ்வு முகாம் வந்தது. இடம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பரா. நேரம், வேலைநாள் காலை பத்து மணி. கொழுந்து கொட்டிக் கிடந்த வாரம் அது. பெண்கள் எல்லோரும் மலையில். ஆக, தொழிலாளர்களின் உடல்நலத்துக்கு நடந்த முகாமில் தொழிலாளர்களைத் தவிர மற்ற எல்லோரும் இருந்தோம்: பென்ஷன்காரர்கள், பால்குடிப் பிள்ளைகள், ஹட்டன் போன் கடையில் லீவு போட்டிருந்த நான், ஆட்டோ ஓட்டும் என் கூட்டாளி.

வெள்ளைச் சப்பாத்து போட்ட ஒரு மிஸ் மேசைக்கு முன்னால் நின்று பேசினார். தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டுமாம். படிகளில் ஏறி இறங்குவது இதயத்துக்கு நல்லதாம். ஜன்னலுக்கு வெளியே எங்கள் அம்மாமார் முதுகில் கூடையோடு செங்குத்தான மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக, கிரீன் டீ குடிக்கச் சொன்னார்.

"மிஸ், அது எங்க கெடைக்கும்?" என்று கேட்டேன்.

கூட்டாளி என் இடுப்பில் குத்தினான். மிஸ் என் சந்தேகத்தைப் பாராட்டி, கடைகளில் கிடைக்கும் என்றார்.

ரத்தம் பார்க்க வீட்டுக்கு ஒரு அட்டை முன்பே வந்திருந்தது. எங்கள் வீட்டு அட்டையில் அம்மாவின் பெயர். அம்மா மலையை விட்டு வந்தால் கொழுந்து நிறை குறையும், அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், பாதியாகும். "நீ சும்மாதானே இருக்க, போயி என்னான்னு பாரு" என்று அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இது எங்கள் ஊர் வழக்கம். மாவு வாங்கும் வரிசையோ, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டமோ, யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு எல்லோரும். நானும் வழக்கத்தை மீறாமல் அம்மாவாகப் போய் விரலை நீட்டினேன். குத்திய பிள்ளை அட்டையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. முந்நூற்று அறுபது என்று எழுதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

கூட்டாளிக்குத் தொண்ணூற்றெட்டு.

"நூறு கூட எடுக்க முடியலியாடா ஒனக்கு?" என்று வழியெல்லாம் அவனை வறுத்தெடுத்தேன். "நான் முன்னூத்தி அறுவது. மொத்த தோட்டத்துலயும் நான்தான் பர்ஸ்ட்டு."

"மார்க்கு கூடுனா நல்லதா கெட்டதான்னு யாருடா சொன்னா?" என்றான்.

"பெயிலாப்போனவன் அப்பிடித்தான் பேசுவான்" என்று சொல்லி, அன்றைய மூன்றாவது சோடாவைத் திறந்தேன். அந்த மாதம் எனக்குத் தாகம் என்றால் தாகம். கடை முதலாளி வெயிலைக் குற்றம் சொல்வார். குளிருக்குப் பெயர்போன நுவரெலியா மாவட்டத்தில் வெயில்!

மறுநாள் மாலை தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா லயத்துக்கே வந்துவிட்டார். "ஒங்களுக்கு சீனி ரொம்பக் கூடியிருக்கு. செவ்வாக்கெழம டிக்கோயா கிளினிக்குக்குப் போங்க" என்று அம்மாவிடம் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார்.

அம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். என் பெரியம்மாவுக்குச் சீனி வியாதியால்தான் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வியாதியின் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

"காலு போனா எப்பிடிடா மல ஏறுவேன்?" என்றார் என்னைப் பார்த்து.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் ஓயாதவன் என்று பெயர் எடுத்த நான், மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அது என் ரத்தம் என்று சொன்னால் வியாதியும் என்னுடையதாகிவிடும். சொல்லாமல் இருந்தால் மெஷின் பிழை என்று ஆகிவிடலாம். அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

அந்த மூன்று நாளும் அம்மா சீனி போடாத தேத்தண்ணீரை மருந்தைப் போலக் கண்ணை மூடிக் குடித்தார். சோற்றைப் பாதியாக்கினார். செவ்வாய் வரை காத்திருக்கப் பயந்து, சீனி வியாதிக்கு மாத்திரை போடும் பக்கத்து வீட்டு அத்தையிடம் குளிசை கேட்டார். அத்தை நல்ல மனசுக்காரி. மிளகாய்த்தூள் கடன் கொடுப்பதுபோலப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை அம்மா அதில் இரண்டை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்.

பத்து மணிக்குக் கூடையோடு விழுந்தார்.

கூட்டாளியின் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவின் தலை என் மடியில். உடம்பெல்லாம் வேர்த்துச் சில்லிட்டிருந்தது. அவன் வளைவுக்கு வளைவு ஹார்னை அடித்துக்கொண்டே ஓட்டினான், நான் அம்மாவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு பயணம் எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஊசி ஏற்றி, அம்மா கண் திறந்த பிறகு கேட்டார்: "இவங்களுக்குச் சீனி கொறஞ்சுதான் மயக்கம் வந்திருக்கு. வியாதி இருக்குன்னு யார் சொன்னது?"

"என் வெரலு" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. முழுவதையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே விரலைப் பிடித்துக் குத்திவிட்டார். இந்த முறை முதல் மார்க்கையும் தாண்டிவிட்டேன். "நாளைக்குக் காலைல ஒன்னும் சாப்பிடாம வாங்க. நீங்களே வாங்க" என்று, என் பெயர் எழுதிய கிளினிக் கொப்பியைக் கையில் கொடுத்து அழுத்திச் சொன்னார்.

அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். கட்டிலில் படுத்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது எனக்கே இருந்திருக்கலாம்டா" என்றார். போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டேன்.

இருட்டுவதற்குள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். வாசலில் உட்கார்ந்து என் காலை நானே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு போனை எடுத்துக் கூட்டாளிக்கு எழுதினேன்: "மச்சான், நாளைக்கி என் கொப்பிய எடுத்துக்கிட்டு நீ போயிட்டு வாயேன். ஒனக்குத்தான் நல்ல ரத்தம். அங்க யாரும் மொகத்தப் பாக்க மாட்டாங்க."

உடனே பதில் வந்தது: "ஆறு மணிக்கு ஆட்டோவோட வாசல்ல நிப்பேன், வெரல நீயே கொண்டு வா."