குவைத்திலிருந்து வந்த தூண்டில்

குவைத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு ரீல் தூண்டில் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அனுப்பியது அங்கே நர்ஸாக இருந்த அத்தை. பார்சலில் அப்பாவின் பெயர் இருந்தது. அப்பாவுடையது என்றால் என்னுடையதுதானே என்று நான் எண்ணியிருந்தேன். அப்பாவோ அதைப் பிரித்து, கைப்பிடியைத் துண்டால் துடைத்து, அத்தை மகனிடம் நீட்டினார்.

அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுடைய அப்பா இறந்துபோய்விட்டார். அந்த ஜூனில் பள்ளி திறக்கும்போது அத்தை அவனை ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். அன்றிலிருந்து ஜன்னலோரக் கட்டில் அவனுக்கு, முழு முட்டை அவனுக்கு, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் இடமும் அவனுக்கு. எனக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் எங்கள் தெருவுக்கே சோறு பொங்கியிருக்கலாம்.

கார்த்திகையில் மழை வெறித்து, குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவும் அவனும் நானும் மீன் பிடிக்கப் போனோம். என் கையில் வழக்கமான மூங்கில் கம்பு. அவன் கையில் பளபளவென்று ரீல். வாழைமூட்டில் தோண்டிய மண்புழுக்கள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நெளிந்தன. அந்தச் சிரட்டையைச் சுமந்தது, சொல்லவே வேண்டாம், நான்தான்.

மழைக்குப் பிந்திய குளிருக்கு மீனெல்லாம் அடியில் போய்க் கிடக்கும் என்பது அப்பாவின் கட்சி. வெயில் காலத்தில் தூண்டில் முள் ஒரு சாண் இறங்கினால் போதும், இப்போது இரண்டு முழமாவது இறங்க வேண்டும். எங்கள் மிதப்பு பழைய ரப்பர் செருப்பில் நறுக்கிய துண்டு. அதை நைலான் நரம்பில் கோத்து, நழுவாமல் ஈர்க்குத் துண்டு ஒன்றைச் செருகியிருப்போம். மிதப்பை மேலே தள்ளினால் முள் ஆழத்துக்குப் போகும். அப்பா இரண்டு தூண்டிலுக்கும் அளந்து வைத்தார், அவனுடையதற்கு இரண்டு முறை.

ஒரு மணி நேரம் ஒன்றும் சிக்கவில்லை. முள்ளில் கோத்த புழுதான் ஊறிக் கரைந்து தீர்ந்துபோக, அப்பா அவனை அழைத்துக்கொண்டு பக்கத்துத் தோப்புக்குக் கிளம்பினார்.

"ஏட்டி, ரெண்டையும் பிடிச்சுக்க. ரீலெச் சுத்தீராத, கேட்டியா?"

சுற்றாதே என்றதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. அவர்கள் தலை மறைந்ததும் சுற்றினேன். ஈர்க்கைப் பிடுங்கி, மிதப்பைக் கீழே இழுத்து, முள்ளுக்கு ஒரு சாண் மேலே செருகினேன். இனி அவனுக்கு ஒரு பொடிமீன்கூடக் கிடைக்காது என்ற நிம்மதியோடு தண்ணீரில் போட்டேன். வீசத் தெரியாததால் அது கரையோரத்துத் தாமரை இலைகளுக்குள்ளேயே விழுந்தது.

திரும்பி வந்தவன் புதுப் புழு கோக்கத் தூண்டிலைத் தூக்கினான். செருப்புத் துண்டுக்கு ஒரு சாண் கீழே முள் தொங்கியது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அதற்குள் அப்பாவும் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, நீயா தொட்டே?"

தலையில் குட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாந்தான் மாமா. அப்பமே இறக்கி வச்சேன்" என்றான் அவன்.

அப்பாவின் குரல் பஞ்சாகிவிட்டது. "அதுக்கென்ன மக்கா. அப்பிடியே போடு, கிடக்கட்டும்."

அவன் அதே தாமரை இலைகளுக்குள் போட்டான். புழுச் சிரட்டையை வாங்கி நான் கீழே வைப்பதற்குள் மிதப்பு காணாமல் போனது. கரைக்கு வந்தது என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். விரால் எந்தக் குளிரிலும் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும், இலையோரத்தில்தான் அது பதுங்கும் என்றெல்லாம் அப்பா அப்போதுதான் நினைவு வந்தவரைப் போல விளக்கினார். என் அயோக்கியத்தனத்தின் பலன் அவன் கையில் துள்ளிக்கொண்டிருந்தது. நான் செய்தது என்று சொல்லவும் வழியில்லை.

குளத்து மீனில் சேறு நாறும் என்று குளச்சல் கடல்மீனைத் தவிர எதையும் சட்டியில் ஏற்றாத அம்மா, அன்று அந்த விராலை உப்பும் புளியும் போட்டு மூன்று தண்ணீர் கழுவிக் குழம்பு வைத்தாள். நடுத்துண்டு அவனுக்கு. எனக்கு வால்.

சாயங்காலம் அத்தை வீடியோவில் வந்தாள். அவன் போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"மிதப்பெ அவதாம்மா மாத்துனா. நான் செய்தேன்னு சொன்னேன். அப்பமும் மாமா ஏசல்ல. அவளெத்தான் ஏசுகாரு. என்னெ இங்க ஒருத்தரும் ஏசமாட்டாவ."

அத்தை ஏதோ கேட்டாள். அவன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான்.

எவ்வளவு திமிர் இவனுக்கு, திட்டு வாங்காததைக் குவைத்துவரை சொல்லிப் பீற்றிக்கொள்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. கடைசி வார்த்தைகளில் அவன் குரல் கரகரத்ததை நானும் கவனித்தேன். காலையில் குளத்துக் குளிரில் நின்றதால் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.