கண்ணாடிப் பெட்டியில் குறைந்த ஈரம்

தென் கொரியாவின் டேஜோன் நகரில் டவுன் பஸ் ஓட்டும் கியூசிக் ஒரு மலைப்பாம்பு வளர்த்தார். அதன் கண்ணாடிப் பெட்டியில் ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சட்டை ஒழுங்காகக் கழலாது. அந்த ஜனவரியில் தினமும் காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். மாலையில் வந்து பார்த்தால் மீட்டர் முப்பத்தைந்து காட்டியது. சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்தது.

வீட்டில் இருந்தது அக்கா ஒக்சுன் மட்டும்தான். கணவரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்த அன்றே, "இது இருக்கிற வீட்டுல எனக்குச் சோறு இறங்காதுடா" என்றவள். மூடியைத் திறந்து வைத்துப் பாம்பைக் காயப்போடுகிறாள் என்று கியூசிக் முடிவுகட்டினார். மூடியின் ஓரத்தில் மெல்லிய டேப் ஒட்டிப் பார்த்தார். மாலையில் டேப் அப்படியே இருந்தது, ஈரம்தான் இல்லை. டேப்பைக் கண்டுபிடித்து மறுபடி ஒட்டியிருக்கிறாள் என்று சந்தேகம் இன்னும் வளர்ந்தது.

மறுநாள் மதியமே சொல்லாமல் வீடு திரும்பினார். உள்ளே கால் வைத்ததும் தரை சுட்டது. தரையைச் சூடாக்கும் பாய்லர் உச்சத்தில் இருந்தது. பாம்புப் பெட்டி தரையில்தான் இருந்தது.

"என்னக்கா, அடுப்பு மேல நிக்கிற மாதிரி இருக்கு?"

"எனக்கு இல்லடா. நீ போனதும் அது சுருண்டு படுத்துக்குது. குளிருதோன்னு கூட்டி வச்சேன். நீ வர்றதுக்குள்ள குறைச்சிடுவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு அப்படிப் பேசிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

கியூசிக்கால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தார்கள்.

அடுத்த மாதம் சட்டை முழுதாகக் கழன்றது. அதற்குள் அக்கா கணவரிடம் போய்விட்டிருந்தாள். போனில் சொன்னபோது, இரை எடுத்ததா என்று கேட்டாள்.