மாடி வீட்டுக் குப்பைக்கூடை

தையல்காரிக்கு உலகத்தில் யார் மீதும் பொறாமை கிடையாது, மாடியில் குடியிருந்த ஓரகத்தியைத் தவிர. அதுவும் நகைக்காகவோ அழகுக்காகவோ இல்லை, குப்பைக்கூடைக்காக.

கீழே இவள் வீட்டுக் கூடை ஒரே நாளில் வாய் பிதுங்கும். மாடிக்காரியின் கூடையோ வாரத்துக்கு ஒருமுறைதான் படியிறங்கும். அவள் டப்பாக்களோடு கடைக்குப் போவாள். காலி டப்பாவை முதலில் எடை போடச் சொல்லி, பிறகு பருப்பும் சர்க்கரையும் நிரப்பி வாங்குவாள். எண்ணெய்க்குப் பழைய பாட்டில். "கெளம்பிட்டா மகாராணி, டப்பாவத் தூக்கிக்கிட்டு!" என்று முணுமுணுத்தபடி, பதினைந்து வருடமாகச் சோறு போடும் தையல் மிஷினை இவள் வேகவேகமாக மிதிப்பாள்.

வயிறு நிஜமாகவே எரிந்தது ஒரு திங்கட்கிழமை. 'நான் மதிக்கும் ஒருவர்' என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வயது மகளின் நோட்டை எட்டிப் பார்த்தால், முதல் வரியிலேயே மாடிச் சித்தி. பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"அம்மாவப் பத்தி எழுத ஒண்ணும் கெடைக்கலையா?"

"நீ கடைக்குப் போனா கவர் கவரா கொண்டு வர்றியேம்மா."

மறுநாளே டப்பாக்களோடு கிளம்பினாள். உதிரியாக எடை போட்டுத் தரும் இடத்தில் வரிசை நீண்டு கிடந்தது. சாயங்காலத்துக்குள் எட்டுச் சீருடை தைத்தாக வேண்டும். வழக்கம்போல பாக்கெட்டுகளையே வாங்கி வந்து வீட்டில் டப்பாக்களில் கொட்டினாள். கவர்களைக் கூடையில் போட்டால் குட்டு உடைந்துவிடும். கை தையல்காரியின் கை அல்லவா! பழைய திண்டு ஒன்றைப் பிரித்து அதற்குள் திணித்து, நூல் தெரியாமல் மூடித் தைத்தாள்.

மூன்று வாரத்தில் கூடை இளைத்தது, திண்டு கொழுத்தது. பூரித்துப்போன மகள் கட்டுரையை மாற்றி அம்மாவைப் பற்றி எழுதினாள். வகுப்பில் வாசிப்பதற்கு முந்தின நாள் சித்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"எங்க கூடையப் பாருங்க சித்தி!"

சித்தி பார்த்தாள், பாராட்டினாள், திண்டில் சாய்ந்தாள். கரக் முரக் என்றது.

சித்தி திண்டை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"வைக்கோல் வச்சுத் தச்சீங்களாக்கா? நல்லாருக்கு. எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்க."

சிரித்துத் தொலைத்திருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருக்கலாம். காப்பாற்றுகிறாளாம்! இதிலும் நல்ல பெயர் அவளுக்கே. தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாளை வகுப்பு முழுக்க இவள் புகழ்தான். ஆனால் வாசிக்கப்போவது மகள். பொய் என்று தெரியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசிப்பாள்.

கத்தரிக்கோலை எடுத்துத் தையலை நீளமாகப் பிரித்தாள். பருப்புக் கவரும் சோப்பு உறையும் தரையில் சரிந்தன.

மகள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப நாளைக்கு நான் யாரப் பத்தி வாசிக்கிறது?"

"சித்தியப் பத்தித்தான். அடிச்சு எழுதாத, புதுத் தாள் எடு."

சித்தி அழுகிற பிள்ளையை அணைத்துக்கொண்டாள். மகளும் அந்த இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தையல்காரி குனிந்து கவர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நிமிர்ந்தால் அதைப் பார்க்க வேண்டும்.