துண்டுக்கு வெளியே சொன்ன விலை

ஐயாக்கண்ணு மலைமேல் இருக்கும் மாரமங்கலத்துக்காரன். தாய் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா அத்தாயி. துரைமார் எஸ்டேட்டுகளுக்கு நடுவே மிஞ்சிக் கிடந்த மேட்டைத் தானே கொத்தித் திருத்தி, சாமையும் மிளகும் விளைத்தான். அவன் விளைத்ததில் அத்தாயிக்கு ஒரு குறையும் இல்லை. விற்கத் தெரியாதவன் என்பதுதான் குறை.

ஒண்டிக்கடைச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வியாபாரி கைமேல் துண்டைப் போடுவார். அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசவேண்டும். மிளகு வாங்கும் மூவரும் வரும் வழியிலேயே கூடிப் பேசி ஒரே குறைந்த விலைக்குப் பிடிப்பார்கள் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும், விலையைக் கூவினால் விளைச்சலுக்குக் கண் பட்டுவிடும் என்று பயந்து, தாங்களே துண்டுக்கடியில் கை நீட்டினார்கள். அத்தாயியும் அப்படித்தான்.

அந்த வருஷம் சேலத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லார் காதிலும் விழும்படி விலை சொல்ல வேண்டும்; வாங்க வருகிற எவரையும் தடுக்கக்கூடாது. தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமும் துண்டு விரிந்தது.

அன்று கோடைமழை கட்டி நின்றது. மிளகைத் திருப்பிச் சுமந்தால் வழியிலேயே நனைந்து பூசணம் பூத்துவிடும். வீட்டிலோ அரிசி இல்லை. பெரிய வியாபாரி வெங்கடாசலம் துண்டை நீட்டினார். ஐயாக்கண்ணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலையை உரக்கச் சொன்னான்.

"ஏப்பா, நான் என்ன செவுடனா?"

"உங்களுக்கு மட்டும் சொல்லலீங்க. சந்தைக்கே சொல்றனுங்க."

வெங்கடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டு நடந்தார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். அத்தாயி தம்பியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"கையக் குடு சாமி. கெடச்சதுக்குக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போலாம்."

அவன் மறுபடி கூவினான்.

புளி விற்கும் வெள்ளையன் எழுந்தான். மிளகுப் பக்கம் அவனை அந்த மூவரும் அண்டவிட்டதே இல்லை. உத்தரவு நடக்கிறதா என்று காவலுக்கு நின்ற தாலுகா சேவகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் வந்தான்.

"ஏனுங்க, அந்த வெலைக்கு நான் எடுத்துக்கறனுங்க."

போன வெங்கடாசலம் திரும்பி நின்று, அதற்கு மேல் ஒரு விலையைக் கத்தினார்.

"பார்றா, அண்ணனுக்கும் வாய் வந்துருச்சு," என்றார் காய்க்கடைக்காரர். சந்தையே சிரித்தது. வெள்ளையன் விடாமல் ஏற்றிக் கேட்டு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அத்தாயி பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்தாள். என்ன பிள்ளை இவன் என்று தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அவள் தனியே சுமந்து வந்த சிறு மிளகு மூட்டைக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கண் படுமோ என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு விலையைச் சொன்னாள். கேட்கவில்லை என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

தொண்டையைச் செருமி, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.