நினைவூட்டு அனுப்பாத நாட்கள்

பொதுமக்கள் மனு கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில். இது அரசாணை. ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆணையைப் பிறருக்கு விளக்கியே தலை நரைத்தவன்.

வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் மகனிடமிருந்து மாசியோடு பேச்சு நின்றது. விடுதியை விட்டுப் போய்விட்டான் என்றது நிறுவனம். எங்கே என்று சொல்லவில்லை. ஆட்சியரிடம் மனு கொடுத்தேன். ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. மாதம் முடிந்ததும் நினைவூட்டு அனுப்பினேன். பிறகு வாரம் ஒன்று. பிறகு வாரக் கணக்கும் போய், நினைத்தபோதெல்லாம் ஒன்று.

செய்ய வேறொன்றும் இல்லை என்பதைத் தலை ஏற்றது, கை ஏற்கவில்லை. கேஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று போய்த் தொட்டுப் பார்க்கும். வந்து உட்கார்ந்தால் மறுபடி சந்தேகம். வாசலில் செருப்புகள் நேராக இல்லாவிட்டால் மகனுக்கு ஏதோ ஆகிவிடும் என்று ஒருநாள் தோன்றியது. சிரித்தேன். சிரித்துவிட்டு நேராக்கினேன்.

மனைவி என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். மனநல மருத்துவரிடம் அவளே சொன்னாள்: "இவிய சாப்பிட உக்காந்தா எந்திரிச்சு எந்திரிச்சு அடுப்பப் பாக்காவ. நேத்து சோறே கடையில வாங்குனது. அடுப்பப் பத்த வைக்கவே இல்ல."

"மகன் விஷயம் உங்க கையில இல்ல சார். அதான் கைக்கு எட்டுறதையே திரும்பத் திரும்பச் செய்யிறீங்க" என்றார் மருத்துவர். மாத்திரை எழுதினார். சீட்டில் என் வயது தவறாக இருந்தது, திருத்தி வாங்கினேன்.

என்னிடம் வேலை பழகிய ஒருவர் இப்போது ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்களைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தில் ஒரு தேநீர்க் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா? நீங்க நினைவூட்டு அனுப்பிக்கிட்டே இருக்கீய. அதச் சேக்கதுக்கு மேல போன கோப்பு கீழ எறங்குது. சேத்து மேல ஏத்தினா அடுத்தது வந்து நிக்குது. கொஞ்சம் பைய இருங்களேன்."

தெரியாததா. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

வீட்டில் சொன்னேன். மனைவி என் பேனாக்களையும் தபால் உறைகளையும் என்னிடமிருந்து வாங்கி அரிசி வாளிக்குள் புதைத்தாள். "எடுத்தியன்னா தெரிஞ்சுரும். அரிசி சிந்தும்."

தெருமுனைக் கடையில் பேனா கிடைக்கும். போகவில்லை. அதைச் சாதனை என்று சொல்ல மாட்டேன். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் சும்மா இருப்பதற்கு எந்தக் கையேட்டிலும் நடைமுறை இல்லை. அடுப்பைப் பார்ப்பது நிற்கவில்லை, குறைந்தது.

கடைசியில் வந்த பதில் மூன்றே வரி. வேலையை விட்டு ஓடியதாக நிறுவனம் கொடுத்த புகாரில் மகன் அங்கே காவலில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். எப்போது விடுவார்கள் என்று கூறுவதற்கில்லை. மனைவி இரண்டாவது வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அன்று ஆவணி பிறந்து முதல் திங்கட்கிழமை, ஆட்சியர் மனு வாங்கும் நாள்.