பால் தம்ளரில் ஏறிய காய்ச்சல்

இருமும்போது தேயிலைக் கொழுந்தின் மேல் விழுந்த முதல் சொட்டு ரத்தத்தை ஒரு முற்றிய இலையால் துடைத்தேன். துடைத்த இலையைக் கீழே போட்டால் பக்கத்து வரிசையில் கிள்ளுகிறவள் பார்த்துவிடுவாள் என்று அதையும் கூடைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். எந்த ஊரிலோ யாரோ அதை வடிகட்டிக் குடித்திருப்பார்கள். குடிக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. குமுளிக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட். என் பெயர் பேச்சியம்மா. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். இதைப் படிக்கிற நீங்களும் இருமிக்கொண்டிருப்பவராக இருக்கலாம், இருமுகிறவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பவராக இருக்கலாம். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தைக் குறைத்து எழுத எனக்கு வரவில்லை.

ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குச் சாவு பயம் வரவில்லை. பேர் போய்விடுமே என்ற பயம்தான் வந்தது. எஸ்டேட்டில் பேர் என்றால் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. நிரந்தரத் தொழிலாளி என்று பதிவேட்டில் ஏறிய பேர். அது இருந்தால்தான் லயத்தில் (தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்) குடியிருக்கலாம். பேரை வெட்டினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் கருப்பையா குமுளியில் ஏலக்காய் மூட்டை சுமக்கிறவர். அவருக்கு எஸ்டேட்டில் பேர் கிடையாது. அவரும் நானும் மகள் வசந்தாவும் படுத்துக் கிடந்த அந்தப் பத்தடி அறை என் ஒருத்தி பேரில்தான் நின்றுகொண்டிருந்தது.

ஆகவே மூன்று மாதம் மறைத்தேன். சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் வியர்வை. முந்தானையைக் கறை தெரியாத பக்கமாக மடித்துச் செருகப் பழகிக்கொண்டேன். ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையோடு விழுந்தேன். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய். இடது நுரையீரலின் மேல்பாகத்தில் ஒரு குழி (கிருமி அரித்துப் போட்ட பொந்து) இருப்பதாகச் சொன்னார்கள். கம்பத்துக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் மாறிப் போகிற ஊரில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார்கள். எத்தனை மாதமாகும் என்று கேட்டதற்கு, மருந்து சொல்லும் என்றார் டாக்டர்.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து). அதோடு மாத்திரைகள், வாயைக் கோணலாக்கும் ஒரு கசப்புப் பொடி. முதல் இரண்டு மாதம் செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. மூன்றாம் மாதம் பசித்தது. ஐந்தாம் மாதம் கண்ணாடியில் பார்த்தபோது கன்னம் கொஞ்சம் மேலே வந்திருந்தது. இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த நோய் தீரும். மருந்தை நடுவில் விடாதவர்களுக்குத் தீரும். எனக்குத் தீர்ந்தது. நான் கோபப்படுவது நோயின் மேல் இல்லை.

பதினாலு வயதிலிருந்து எஸ்டேட் சங்கு ஊதினால் வேலைக்கு எழுந்தவள் நான். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, மழையோடு மலை ஏறியவள். ஆஸ்பத்திரியில் பகலில் படுத்திருந்தேன். யாரோ ஆக்கிய சோற்றை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். காலையில் ஓர் அவித்த முட்டை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தம்ளர் சூடான பால். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மாத்திரை கொடுப்பதற்காக மட்டும் கூப்பிட்டார்கள். மாட்டுக்கு வைக்கோலைக் காட்டித்தான் கயிற்றைப் போடுவார்கள். எனக்கு அந்த முட்டை போதுமாக இருந்தது.

ஏழாம் மாதம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குழி மூடிவிட்டது, சளியில் கிருமி இல்லை, அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் வீட்டிலிருந்தே ஒரு வருடம் சாப்பிட வேண்டும் என்றார். வார்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன்.

அதே வாரம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் ஆள் வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்களாம். எஸ்டேட் ரைட்டர் (ஆபீஸ் குமாஸ்தா) சொல்லிவிட்டாராம். வசந்தாவுக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்துக் கார்டு வந்திருக்கிறதாம். கம்பத்தில் என் அக்கா வீட்டில் தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. இரண்டு சேதியும் ஒரே கடிதத்தில் இருந்தன. இரண்டையும் நான் படித்தேன். தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

பக்கத்துக் கட்டிலில் ராமுத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். போடிக்காரி, இரண்டு வருடமாக அங்கேயே கிடந்தவள். நான் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நர்ஸம்மா தெர்மாமீட்டரக் குடுத்துட்டு அங்கிட்டுப் போவாள்ல, அப்பப் பாலுல முக்கு. மூணு எண்ணு. எடுத்துரு. அதுக்கு மேல வச்சா ஒடஞ்சிரும், மாட்டிக்கிருவ."

அன்று நாலு மணிக்கு முக்கினேன். மூன்று எண்ணினேன். துடைத்து வாயில் வைத்துக்கொண்டேன். நர்ஸ் வந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். அட்டவணையில் சிவப்பு மையில் கோடு மேலே ஏறியது. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஆறுதலாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். காய்ச்சல் இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட்டை எஸ்டேட்டுக்கு அனுப்பினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்காரர் எதையாவது செய்து சமாளிப்பார் என்று நினைத்தேன். அந்த 'எதையாவது' எது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால் பாலைக் கீழே வைக்க வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாம் வாரம் டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சளி சுத்தமா இருக்கு. படமும் நல்லாருக்கு. அப்புறம் எங்கேருந்தும்மா வருது இந்தக் காய்ச்சல்?" என்று கேட்டார். நான் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெருமூச்சு விட்டு, நிறுத்தியிருந்த ஊசியை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்.

இதைக் கவனியுங்கள். இல்லாத நோய்க்கு ஊசி குத்திக்கொள்ள இடுப்பைக் காட்டினேன். மலைக்குப் போவதைவிட அது மேல் என்று இருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது வெயிலுக்கு ஆகும்.

ஒன்றரை மாதம் கழித்துக் காதுக்குள் ஒரு வண்டு புகுந்தது. நிற்காத ரீங்காரம். எழுந்து நடந்தால் வராந்தா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதையும் பத்து நாள் மறைத்தேன். மறைப்பதுதான் எனக்குக் கைவந்த வேலையாயிற்றே. சுவரைப் பிடித்து நடப்பதை டாக்டரே பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தினார். அந்த மருந்து சிலருக்குக் காது நரம்பைத் தின்றுவிடுமாம், உடம்பை நிமிர்த்தி நிறுத்துகிற நரம்பும் அதோடு சேர்ந்ததாம். போனது திரும்பாது என்றார். அன்றுதான் பால் தம்ளர் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "வீட்டுக்குப் போகப் பயமா?" என்றார்.

"வீட்டுக்கு இல்ல சார். மலைக்கு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஊசி இல்லாமலே நானே ஒரு மாசம் வச்சிருப்பேனேம்மா" என்றார்.

கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எஸ்டேட் எங்களுக்கு வீடு கொடுத்தது, விறகு கொடுத்தது, கம்பளி கொடுத்தது. வாயைத் திறந்து கேட்கிற பழக்கத்தை மட்டும் கொடுக்கவில்லை. ஒளிக்கவும் ஒண்டவும்தான் கற்றுக்கொண்டோம். அதற்குப் பெயர் பாதுகாப்பு.

பத்தாம் மாதம் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் குமுளி பஸ் ஸ்டாண்டில் நின்றார். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, வசந்தா வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார். எந்த வேலைக்கு என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் என் கூடையைத் தலைக்கயிற்றோடு இறக்கி வைத்தாள். விரல் நுனி எல்லாம் கறுத்திருந்தது. பேரை வெட்டாமல் இருக்க வேண்டுமானால் வீட்டிலிருந்து ஓர் ஆள் அந்தப் பேரில் இறங்க வேண்டும் என்று ரைட்டர் சொன்னாராம். வீட்டுக்காரர் மகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்.

அவர் நல்லவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எனக்கு நேர்ந்த கேட்டில் பாதி நல்லவர்களால் நேர்ந்தது. "இருக்க இடம் போச்சுன்னா எங்க போவோம் பேச்சி? உப்பிட்டவங்கள மறக்கலாமா?" என்றார். யார் உப்பை யார் தின்றது என்று கேட்டேன். இருபது வருடம் என் வியர்வை போன மலை அது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையை என்ன செய்வது?

மறுநாளே ஆபீசுக்குப் போனேன். என் பேரை நானே எடுத்துக்கொள்கிறேன், மகளை விட்டுவிடுங்கள் என்றேன். நடந்து காட்டச் சொன்னார்கள். முற்றத்துச் சரிவில் பத்து அடி வைப்பதற்குள் மலை கவிழ்ந்தது. விழுந்தவளை வசந்தாதான் தூக்கினாள். கொழுந்து மலையில் இனி நிற்க முடியாது என்று எஸ்டேட் டாக்டர் எழுதிவிட்டார். ஏழாம் மாதத்தில் வந்திருந்தால் நின்றிருப்பேன்.

அடுத்த வருடம் அக்கா அலைந்து திரிந்து வசந்தாவுக்கு டிரெயினிங்கில் மறுபடி இடம் வாங்கினாள். வீடு போனால் போகட்டும், குமுளியில் ஓர் ஓலைக் கொட்டகையில் இருந்துகொள்ளலாம் என்று வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, அவர் வாயை அடைத்து, பெட்டியைக் கட்டி நானே வசந்தாவைக் கம்பம் பஸ்ஸில் ஏற்றினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாராவது ஏதாவது சொன்னார்களா, பெரியம்மா திட்டினாளா என்று கேட்டேன். எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள் என்றாள். பின்னே ஏன் வந்தாய் என்று கத்தினேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"ரெண்டு வருசம் படிக்கணும்மா. படிச்சாலும் வேலை கெடைக்குமோ கெடைக்காதோ. இங்க சங்கு ஊதுனா வேலை. நாளைக்கு என்னன்னு யோசிக்க வேண்டாம். அங்க தூக்கமே வரல."

அறைந்துவிட்டேன். அவளை அடித்தது அதுதான் முதலும் கடைசியும். பிறகு உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்: கடிதம், பால், மூன்று எண்ணியது, எல்லாவற்றையும். நான் செய்ததை நீ செய்யாதே, உன்னைக் கட்டியிருப்பது கயிறுகூட இல்லை, பழக்கம் என்றேன். கேட்டால் வெறுப்பாள், வெறுப்பிலாவது போய்விடுவாள் என்று நினைத்தேன்.

கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பாலு நல்லாருந்துச்சாம்மா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"எனக்கும் இங்க அப்படித்தான்" என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் திரும்பி வந்து இது ஐந்தாவது வருடம். நுரையீரலில் தழும்பு இருக்கிறது. ஆறிய தழும்பு, ஒன்றும் செய்யாது. காதுக்குள் வண்டு நிற்கவே இல்லை. எனக்கு இப்போது ஒரு நாளில் இரண்டே நேரம்தான். நாலு மணியானால் நாக்கின் அடியில் கண்ணாடியின் குளிர்ச்சி தானாக வருகிறது. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறேன். மூன்று வரை எண்ணியதும் போய்விடும்.

இன்னொரு நேரம் காலையில். பேர் மாற்றும் தாள் மேலாபீசுக்குப் போயிருக்கிறது என்று ரைட்டர் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது வரும்வரை பதிவேட்டில் நான்தான். சங்கு ஊதினால் என் கால்கள் என்னைக் கேட்காமலே இறங்குகின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறேன். கீழே ஆள் பிரிக்கிற களத்தில் கங்காணி ஒவ்வொரு பேராகப் படிக்கிறார். ரீங்காரத்தில் மற்ற பேர்கள் எனக்குக் கேட்பதில்லை. அந்த ஒன்று மட்டும் கேட்கிறது.

"பேச்சியம்மா."

நான் வாயைத் திறக்கிறேன். அதற்குள் வசந்தா சொல்லிவிடுகிறாள்.

"இருக்கேன்."